கரி பஸ்ஸும் என் வாயும்

எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் இன்னும் கரிப்பெட்டியை வைத்துத்தான் தேய்க்கிறார். போன வாரம் என் பருத்திச் சேலைகளை வாங்கிவரப் போயிருந்தேன். அங்கே சட்டைக்காகக் காத்து நின்ற ஒரு இளைஞன் பக்கத்திலிருந்தவனிடம், "டேய், இது ஆம்பளையா பொம்பளையாடா?" என்று கேட்டான். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. கிழடுக்குக் காது கேட்காது என்று நினைத்திருப்பான். எண்பதைத் தாண்டிய என் உடம்பில் பழுதில்லாமல் மிச்சமிருப்பது காது ஒன்றுதான்.

"தம்பி, சட்டை வாங்க வந்தியா, சென்சஸ் எடுக்க வந்தியா?" என்றேன்.

ஒரு கை மட்டும் தேய்த்திருந்த சட்டையை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான். இஸ்திரிக்காரர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து, சாம்பலை ஊதி, கங்கின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். குப்பென்று எழுந்தது பாருங்கள், அந்த ஈரக்கரி வாசம்! அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவில் இல்லை. கடத்தூர் சந்தைக்குப் போகிற கரி பஸ்ஸில் இருந்தேன்.

கரி பஸ்ஸைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லவேண்டும். அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸின் முதுகில் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்றை மாட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி எரிப்பார்கள். அதிலிருந்து வருகிற வாயுவில் வண்டி ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. கிளீனர் காற்றூதும் விசிறியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனிய வைப்பதற்குள் பிரயாணிகள் காலை ஆகாரத்தை முடித்து, வெற்றிலை போட்டு, ஊர் வம்பில் பாதியைத் தீர்த்திருப்பார்கள். சமதரையில் வண்டி போகும். மேடு வந்தால் நின்றுவிடும். ஆட்கள் இறங்கித் தள்ளவேண்டும்.

அந்த நாளில் தர்மபுரியெல்லாம் சேலம் ஜில்லாதான். வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு குடிசையில் நான் இருந்தேன். பெற்றவர்கள் என்னை மகன் என்று நினைத்துத்தான் பெற்றார்கள். அது தப்புக் கணக்கு என்று நான் சேலை கட்டிக்கொண்டு சொன்னபோது, போய்வா என்றுகூடச் சொல்லவில்லை, போ என்றுதான் சொன்னார்கள். போனேன். மலைமேல் ஊரிலிருந்து சீயக்காயும், அதைப்போலத் தலைக்குத் தேய்க்கிற அரப்புத் தழையும் கொண்டுவருகிற வெள்ளச்சியைப் பழக்கம் பிடித்து, இரண்டு பேருமாகத் தொழில் தொடங்கினோம். அவள் பறித்துக் காயவைத்து இறக்குவாள். நான் இடித்துச் சலித்துச் சந்தையில் விற்பேன். வெள்ளச்சிக்கு என் வயதுதான் இருக்கும். என்னை முதன்முதலில் "அக்கா" என்று கூப்பிட்டவள் அவள். அதற்காக அவள் யோசித்ததாகவே தெரியவில்லை. அது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

மற்றவர்கள் என்னை என்னவெல்லாம் கூப்பிட்டார்கள் என்று இங்கே எழுதி உங்கள் காலைப்பொழுதைக் கெடுக்க விரும்பவில்லை. அந்தச் சொற்கள் உங்களுக்கும் தெரியும். முதலில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். குனிந்த தலை அவர்களுக்கு இன்னும் வசதியாகிவிட்டது. சரி, திருப்பிப் பேசலாம் என்றால் அதிலும் ஒரு சங்கடம். நல்ல பதிலெல்லாம் எனக்கு வீட்டுக்கு வந்து உலக்கையைக் கையில் எடுத்த பிறகுதான் வரும். இடித்துக்கொண்டே, "இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று உரலிடம் பேசுவேன். என் பிரமாதமான பேச்சையெல்லாம் கேட்டது அந்த உரல்தான்.

ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்தேன். இந்த மாதிரிப் பேசுகிறவர்களிடம் இருப்பது ஒரே ஒரு வேடிக்கைப் பேச்சுதான். போன வாரம் சொன்னதையேதான் இந்த வாரமும் சொல்வார்கள். ஆகையால் என் தாமதமான பதிலைப் பொட்டலம் கட்டி அடுத்த சந்தைக்கு எடுத்துப்போனால் போதும். அவர்கள் தவறாமல் வந்து அதே கேள்வியைக் கேட்டு உதவுவார்கள். மிளகாய்க் கடைக்காரன் ஒருவன் என்னைக் கண்டாலே ஒரு பாட்டை இழுப்பான். ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நல்லா பாடுறீங்க. முழுசா பாடுங்க, கேக்குறேன்" என்றேன். அவனுக்கு முதல் அடிக்கு மேல் தெரியவில்லை. கூட்டம் கூடிவிட்டது. "அடுத்த அடி என்னங்க?" என்று வெகு மரியாதையாகக் கேட்டேன். அத்தோடு அந்தச் சந்தையில் சங்கீதம் ஒழிந்தது.

இந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் பஸ்ஸில் எடுபடவில்லை. அங்கே மாரப்பன் இருந்தார். கடத்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்தவர். காடு கழனியும் உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகை, தொண்டை மட்டும் தண்டோராக்காரன் தொண்டை. ஒரு சந்தை நாளில் டிரைவருக்குப் பின்னால் இருந்த பெண்கள் பெஞ்சில் நான் உட்கார்ந்தபோது, "இது பொம்பளைங்க ஒக்கார்ற எடம், எந்திரி" என்றார். எழுந்து ஆண்கள் பக்கம் போனேன். "இங்க எதுக்கு வர்ற?" என்றார். பஸ் சிரித்தது. கடத்தூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனேன்.

அடுத்த வாரம் நானும் வெள்ளச்சியும் முதல் ஆட்களாக ஏறிப் பெண்கள் பெஞ்சில் இடம்பிடித்துவிட்டோம். மாரப்பன் ஏறினார், பார்த்தார், தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். பாதி வழியில் மேடு வந்தது. வண்டி இருமிவிட்டு நின்றது.

"ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

ஆண்கள் முனகிக்கொண்டே இறங்கினார்கள். மாரப்பன் இறங்கவில்லை. அவருக்கு இடுப்புப் பிடிப்பு. மேடு வந்தால் மட்டும் பிடிக்கிற இடுப்பு. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "கண்டக்டரு, இன்னொரு ஆம்பள எறங்காம ஒக்காந்திருக்குது பாரு" என்று என்னைக் காட்டினார். வெளியே சிரித்தார்கள். எங்கள் பெஞ்சிலும் ஓரிருவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்றைக்கு அதிசயமாகப் பதில் அங்கேயே வந்துவிட்டது.

"ஏனுங்க மண்டிக்காரரே, போன வாரம் இந்த பெஞ்சுல ஒக்காந்தா பொம்பள இல்லைன்னீங்க. அந்தப் பக்கம் போனா ஆம்பளயும் இல்லைன்னீங்க. ஒக்கார்றதுக்கு நான் ரெண்டுமில்ல, வண்டி தள்றதுக்கு மட்டும் ஆம்பளையா? எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அதுவரைக்கும் நான் இங்கயே ஒக்காந்திருக்கேன்."

நான் நினைக்கவே இல்லை, அவர்கள் நிஜமாகவே பேச ஆரம்பித்துவிட்டார்கள்! நடுரோட்டில் பஞ்சாயத்து. "அது கேக்குறதும் நியாயந்தானப்பா" என்றார் ஒருவர். "டிக்கெட்டுல என்ன போட்டிருக்கு?" என்றார் இன்னொருவர். "டிக்கெட்டுல ஆம்பள பொம்பளன்னு இல்லீங்க. ஆளு, லக்கேஜு, அவ்வளவுதான்" என்றார் கண்டக்டர். "அப்ப லக்கேஜுல சேத்துடு!" என்று ஒரு குரல். மறுபடி சிரிப்பு. இதற்குள் பீப்பாயில் கரி ஆறிக்கொண்டிருந்தது. டிரைவர் கன்னடக்கார வீட்டுப் பிள்ளை. கோபம் வந்தால் தமிழ் மறந்துவிடும். "பேக! பேக!" என்று ஸ்டியரிங்கில் தட்டினார். சீக்கிரம் என்று யாருக்கும் சொல்லிப் புரியவேண்டியதில்லை.

சிரிப்பு தன் கையைவிட்டுப் போனது மாரப்பனுக்குப் பொறுக்கவில்லை. "இத எறக்கி வுடுறியா, இல்ல மொதலாளிகிட்ட நான் பேசட்டுமா?" என்றார்.

கண்டக்டர் கெட்டவர் இல்லை. பிள்ளைகுட்டிக்காரர். என் முகத்தைப் பார்க்காமல், "எறங்கிக்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வாரமும் அதே மாரப்பன்தான் வருவார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ் இல்லையென்றால் எனக்குச் சந்தை இல்லை.

இறங்கினேன். கூரையிலிருந்து என் மூட்டை விழுந்தது. உடனே வெள்ளச்சி எழுந்துகொண்டாள். "என் மூட்டையையும் எறக்கு."

"ஒன்ன யாரு எறங்கச் சொன்னது?" என்றார் கண்டக்டர்.

"அக்கா இல்லாம இத யாரு விக்கிறது, நீயா?" என்றாள்.

பஸ்ஸைத் தள்ளி மேடேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மைல்கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு வாய் பேசினவள்தான். வெள்ளச்சி ஒரு வேலங்குச்சியை ஒடித்துப் பல்லைக் குத்திக்கொண்டு நின்றாள். கடைசியில், "முடிஞ்சுதாக்கா? வெயிலு ஏறுது, நட" என்றாள். சும்மாடு கூட்டி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

இரண்டு புளியமரத் தோப்பு தாண்டியிருப்போம். எதிரே இன்னொரு மேடு. மேட்டின் பாதியில் நமது பஸ்!

இந்தத் தடவை டிரைவர் யாரையும் விடவில்லை போலிருக்கிறது. மாரப்பனும் இடுப்போடு இறங்கி, பீப்பாய்க்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். கிளீனர் பீப்பாயின் மூடியைத் திறந்து கம்பியை விட்டுக் குத்தினான். என்ன அடைத்திருந்ததோ, கறுப்பாக ஒரு மேகம் பொங்கிவந்து அத்தனை பேர் மேலும் கவிந்தது. புகை விலகியபோது எல்லாருக்கும் ஒரே முகம். யார் மண்டிக்காரர், யார் கூலிக்காரர் என்று அவரவர் வீட்டாருக்கே தெரிந்திருக்காது.

நாங்கள் ஓரமாக நடந்து அவர்களைத் தாண்டினோம். என்னால் சும்மா போகமுடியவில்லை.

"வரட்டுங்களா? சந்தைக்கு நேரமாவுது" என்றேன்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கரி உள்ளே போகும்.

பஸ்ஸுக்கு முன்னால் சந்தைக்குப் போய்ச்சேர்ந்து கடை விரித்துவிட்டோம். உச்சிவெயிலில் பஸ் வந்தது. இறங்கியவர்கள் நேரே கிணற்றடிக்குப் போனார்கள். கரியும் எண்ணெயும் சேர்ந்த பிசுக்கு வெறும் தண்ணீருக்குப் போகுமா? சண்டைக் காலத்தில் சோப்புக்கு எங்கே போவது? அந்தச் சந்தையில் அரப்பும் சீயக்காயும் விற்றது நான் ஒருத்திதான். காலையில் பஞ்சாயத்துப் பேசிய நியாயஸ்தர்கள் ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். என்னை லக்கேஜில் சேர்க்கச் சொன்னவனும் வந்தான். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

மாரப்பன் வராமல் ரொம்ப நேரம் தள்ளி நின்றார். அவர் மகளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கு மண்டிக்கு வருவதாக இருந்ததாம். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் கூண்டு வண்டி ஒன்று தெரிந்ததும் விறுவிறுவென்று வந்தார்.

"ஏய், அரப்பு குடு."

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். அங்கே ஒரு வண்டிமாடு அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"மாட்டையாங்க கூப்பிட்டீங்க?"

முறைத்தார். கரி முகத்தில் இரண்டு வெள்ளை விழிகள் மட்டும் உருண்டதைப் பார்த்து வெள்ளச்சி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "இந்தா பாரு" என்று ஆரம்பித்தார். நான் தராசுத் தட்டைத் துடைத்தேன். கூண்டு வண்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தண்டோராத் தொண்டையிலிருந்து, பக்கத்துக் கடைக்குக்கூடக் கேட்காத மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஏம்மா... கொஞ்சம் அரப்பு குடும்மா."

இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தேன். "கண்ணுல படாம தேச்சுக்குங்க, எரியும்" என்றேன்.

இதனால் மாரப்பன் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். மனிதர்கள் அரப்பு தேய்த்தா திருந்துவார்கள்? அதற்குப் பிறகு அவர் என்னை "அம்மா" என்று ஒருநாளும் சொன்னதில்லை. வேறு எதுவும் சொன்னதில்லை என்பதுதான் லாபம். அடுத்த வாரம் நான் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். போன வாரம் தலைப்பால் வாயை மூடிச் சிரித்த பெண் ஒருத்தி, எனக்காகக் கூடையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டாள். மேட்டில் வண்டி நின்றது. கண்டக்டர் எழுந்தார். வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், ஒரு கணம் யோசித்தார்.

"முடிஞ்சவங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க!"

எனக்கு முடிந்தது. இறங்கினேன். வெள்ளச்சியும் இறங்கினாள். மலையேறிப் பழகிய கால் அவளுக்கு. இரண்டு ஆண்பிள்ளை தள்ளுகிற தள்ளு. அன்றைக்கு வண்டி மளமளவென்று மேடேறியது. மாரப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவருக்கு முடியவில்லை, அவ்வளவுதானே?

சண்டை முடிந்து கொஞ்ச காலத்தில் பெட்ரோல் வந்தது. பீப்பாய்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பிறகு ஒரு வருஷம் வெள்ளச்சிக்குக் காய்ச்சல் கண்டது. அந்த வருஷம் சீயக்காய் இறங்கவில்லை. அடுத்த வருஷம் அவள் தங்கை மூட்டையோடு வந்து நின்றாள். வெள்ளச்சி இனி வரமாட்டாள் என்பது அந்த மூட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தங்கையும் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள்; சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இரண்டு மேடுகளையும் வெட்டிச் சமமாக்கித் தார் போட்டாயிற்று. இப்போது அந்த ரோட்டில் எதுவும் நிற்பதில்லை. மோட்டார் சைக்கிளில் வருகிறவன் போகிற போக்கில் ஒரு சொல்லை என் மேல் எறிந்துவிட்டு, நான் நிமிர்வதற்குள் வளைவு திரும்பிவிடுகிறான். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு எனக்கு நல்ல பதில்கள் அந்த இடத்திலேயே வருகின்றன. கேட்டுவிட்டுப் போக அங்கே ஆள்தான் இருப்பதில்லை.