நாத்தனார் நின்ற ஓரம்

பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் மருமகளுக்கு, வீட்டு வீடியோக்களின் ஆட்டத்தை அடக்குவது உபரி உத்தியோகம். கணவர் செல்போனைத் தூக்கிப் படமெடுத்தால் பூகம்பம் தோற்கும்.

எடிட்டிங் மென்பொருள் அந்த ஆட்டத்தை நிறுத்திவிடும். கூலியாகப் படத்தின் நாலு ஓரங்களையும் வெட்டிக்கொள்ளும். ஓரத்தில் நிற்பவரோ எப்போதும் பெரிய நாத்தனார். கூப்பிடாமல் நடுவில் வரமாட்டார். கூப்பிடவில்லையே என்று கோபித்துக்கொள்ளவும் மறக்கமாட்டார். போன கல்யாண வீடியோவில் காணாமல் போனவர், மாதக்கணக்கில் இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

இப்போது மகளின் பிறந்தநாள் வீடியோ. ஆட்டத்தை நிறுத்தினால் கேக் அசையாது, நாத்தனார் இருக்கமாட்டார். தன் தொழில் பெருமையை விழுங்கிக்கொண்டு, அவர் வரும் காட்சிகளை மட்டும் மருமகள் ஆடவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே டிவி முன் உட்கார்ந்தது. தம் புது நெக்லஸ் முழுசாகத் தெரிவதை நாத்தனார் கண்குளிரப் பார்த்தார்.

"ஏம்மா, நான் வர்ற இடம் மட்டும் இப்படி ஆடுதே! ஒழுங்காக் கத்துக்கக் கூடாதா?"

"எனக்கு இன்னும் கை வரல, அண்ணி," என்றாள், மகான்களுக்கும் வாய்க்காத அடக்கத்தோடு.

உண்மை தெரிந்த கணவர் வாயைத் திறந்தார். அவர் கால் கட்டைவிரல் உடனே மிதிபட்டது.