அம்மா திட்டும் டுடோரியல் வாத்தியார்

இன்று ரயிலில் ஒருவர், தன் மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைக்குமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வெல்டர். நுழைவுத் தேர்வு மார்க் வந்ததும், திருமுல்லைவாயிலில் டுடோரியல் நடத்திய வாத்தியாரிடம் என்னை அழைத்துப்போனார்.

மார்க்கைக் கேட்டதுமே அவர் உதட்டைப் பிதுக்கினார். "கஷ்டம் சார். போன வருஷம் இதைவிட நல்லா எடுத்த பசங்களுக்கே கெடைக்கல."

"வெய்ட்டிங் லிஸ்ட்ல கூடவா சார்?"

"வீணா ஆசை காட்டக் கூடாது. பி.எஸ்சி.க்குப் போட்டு வைங்க."

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டாள். "இன்னா சொன்னாரு?"

"நிச்சயம் கெடைக்கும்னாரு" என்றார் அப்பா.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மா அன்று பாயசம் வைத்தாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள்.

சீட் கிடைக்கவில்லை.

"வாயில வந்தத சொல்லி ஏமாத்திட்டானே பாவி!" என்று அம்மா அந்த வாத்தியாரைத் திட்டித் தீர்த்தாள். அப்பா சாகும்வரை வாய் திறக்கவில்லை.

இன்றும் ரிசல்ட் சமயம் வந்தால் அம்மா அந்த மனிதரைத் திட்டுகிறாள். உண்மையைச் சொல்லிவிடட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.