இறகு முளைக்காத குஞ்சுகள்

கோழித்தீனியில் கலக்கும் மெத்தியோனின் தூளில் கெட்டுப்போன முட்டைக்கோஸ் வாடை வீசும். நான் டப்பாவைத் திறந்ததும் நடவுக்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதையா சார் குஞ்சு திங்கும்?" என்று சிரித்தார்.

அப்போது நான் திருவாரூர்ப் பக்கம் கால்நடைத் துறையில் கள உதவியாளன். கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்திருந்த காலம். புதிய ஆட்சி நிலமில்லாதவர்களுக்கென்று கோழிக்குஞ்சுத் திட்டம் கொண்டுவந்திருந்தது. கணவர் போராட்ட வழக்கில் சிறையில் இருக்க, கூலியாட்கள் தெருவில் துணிந்து ஐம்பது குஞ்சுகளை வாங்கிக்கொண்டவர் நடவுக்காரம்மா ஒருவர்தான்.

குருணையிலும் தவிட்டிலும் குஞ்சுக்குத் தேவையான அளவு லைசினும் மெத்தியோனினும் கிடையாது. இந்த இரண்டு அமினோ அமிலங்களும் குறைந்தால், தின்ற தீனி சதையாகவும் இறகாகவும் மாறாது. அதற்காகத்தான் நடவுக்காரம்மாவின் குஞ்சுகளுக்கென்று அவ்விரண்டும் சேர்ந்த தூள் வந்திருந்தது. ஒரு வாரத்துக்குக் கலந்து கொடுத்தேன். மறுவாரம், நான் வழக்கமாக மதியம் சாப்பிடும் மிராசுதார் வீட்டில், அவர் தன் கோழிகளுக்கு அதைக் கேட்டார்.

"வேலைக்கே வராதவங்க கோழிக்கு மருந்து ஒரு கேடா தம்பி?"

அவர் வீட்டு இலைமுன் உட்கார்ந்துகொண்டு மறுக்க எனக்கு நாக்கு எழவில்லை. மிச்சமிருந்த தூள் முழுவதையும் கொடுத்துவிட்டேன். நடவுக்காரம்மாவிடம், "சரக்கு வரலம்மா" என்றேன். நம்பினார்.

குஞ்சுகள் கைப்பிடி அளவிலேயே நின்றுவிட்டன. முதுகில் இறகு முளைக்காமல் தோல் சிவந்து தெரிந்தது. ஒன்றையொன்று கொத்திக்கொண்டு, தினம் இரண்டு மூன்றாகச் செத்தன. மிஞ்சிய ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, "நாங்க குடிக்கிற கஞ்சியிலதான் சார் இதுகளுக்கும் பங்கு போட்டேன். வேற என்ன செய்யணும், சொல்லுங்க" என்று கேட்டார். மேலதிகாரி காரணம் கேட்டபோது, பதிவேட்டில் 'பராமரிப்பில் கவனக்குறைவு' என்று எழுதினேன். அதைக் காட்டி அவருக்கு அடுத்த தவணைக் குஞ்சுகளை மறுத்துவிட்டார்கள்.

இன்று எந்தத் தீவனக் கடையிலும் அவ்விரண்டும் கலந்த மூட்டை கிடைக்கிறது. ஓய்வுபெற்ற பின்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. நடவுக்காரம்மாவைத் தேடிப்போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். திட்டவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். என் கையால தின்னா எதுவும் தங்காதுன்னு நெனச்சு, பேத்திக்கு மொத சோறு ஊட்டச் சொன்னப்பகூட நான் மாட்டேன்னுட்டேன்."