புரூனோவின் பச்சை இறைச்சி

இன்று எங்கள் பகுதியான அஜின்கோர்ட்டில் ஒரு கடைக்கு, எங்கள் நாய் புரூனோவுக்குப் பச்சை இறைச்சி உணவு வாங்கப் போனேன்.

வழக்கம்போலப் பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசித்தேன். புரதம் எவ்வளவு, எலும்பு எவ்வளவு, தானியம் கலக்கவில்லையா. எல்லாம் திருப்தி.

கல்லாவில் நின்ற தமிழ்ப் பெண், "அண்ணை, வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டாள்.

"நானும் மனுசியும்தான். அவ கீமோ எடுக்கிறா."

அவள் பாக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப உது வேண்டாம் அண்ணை. ஃப்ரீசரில வைச்சாலும் கிருமி சாகாது. நாய் தாங்கும். ஆனா கீமோவில எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிருக்கும். அது அக்காவை நக்கினா, அவவுக்குத் தொத்தலாம்."

இரண்டு மாதமாக அதைத்தான் கொடுக்கிறேன். நாய்க்கு நல்லதா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன்.

காரில் இருந்தபடியே மருத்துவமனைத் தாதியை அழைத்தேன். அந்த உணவை உடனே நிறுத்தி, பாத்திரங்களை நன்றாகக் கழுவி, மனைவிக்குக் காய்ச்சல் வருகிறதா என்று கவனிக்கச் சொன்னார்.

வீட்டில் புரூனோ மனைவியின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப இவன் என்னை நக்கக் கூடாதோ?"

"கொஞ்ச நாளைக்கு."

அவள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அவனுக்கு விளங்கவில்லை. போர்வையை முகர்ந்துகொண்டே இருந்தான்.

இதுவரை காய்ச்சல் இல்லை. அடுப்பில் கோழி அவிகிறது. நாய்க்குச் சமைக்கிறவர்கள் யாராவது இருந்தால், கோழியோடு வேறு என்ன சேர்ப்பது என்று சொல்லுங்கள். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது அவனுக்கு இன்னும் தெரியாது.