பிளக் தேய்க்கும் சத்தம்

முற்றத்தில் மகன் மோட்டார் பைக்கின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கம்பி பிரஷால் தேய்க்கிறான். அந்தக் கரகர சத்தம் எனக்கு ஆகாது.

மாத்தளையில் அப்பா ஒரு பழைய ரோட்டரி எஞ்சின் கார் வைத்திருந்தார். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்கு முந்தின நாள், கார் ரேஸ் ஓடுகிற சிநேகிதர் ஒருவர் மிச்சமிருந்த ரேஸ் பெட்ரோலைக் கேனோடு கொடுத்துவிட்டுப் போனார். இனிப்பு மாதிரி ஒரு வாசம். "ஊத்துங்கப்பா, கார் பறக்கட்டும்" என்று அடம்பிடித்தது நான்தான். அதில் ஈயம் அதிகம், ரோட்டரி எஞ்சினின் பிளக்கில் அது சாம்பலாக அப்பித் தீப்பொறி வராமல் செய்துவிடும் என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியாது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தோம்.

டவுனில் தமிழ்க் கடைகள் எரியத் தொடங்கிய காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. அப்பா நாலு பிளக்கையும் கழற்றினார்.

"விட்டுட்டு வாங்க, நடந்தே போயிருவோம்" என்று அம்மா கெஞ்சினார்.

"நீங்க எல்கடுவ ரோட்டுல நடந்துக்கிட்டே இருங்க. தேய்ச்சு மாட்டிட்டு வந்து ஏத்திக்கிறேன்" என்றார் அப்பா.

வளைவு திரும்பும்வரை பிரஷ் சத்தம் கேட்டது. அப்பா வரவேயில்லை.

எல்கடுவவில் மாமா வீட்டில், ரோட்டில் எந்தக் கார் சத்தம் கேட்டாலும் அம்மா துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்பார். சாகும்வரைக்கும் நின்றார். கேனைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை.