பேன் மருந்தில் ஊறிய வெங்காயம்

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். உயிரியல் செய்முறைத் தேர்வில் தேறினால் நர்சிங். தவறினால் சாமைக் காடும் கல்யாணமும் என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள்.

வேர்விட்ட வெங்காயத்தை அவரவரே தேர்வுக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலின் வாயில் வெங்காயத்தை உட்காரவைத்து, யாரையும் கிட்டே அண்டவிடாமல் பார்த்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஜீப்பில் வாந்தி எடுத்தபடியே மலையேறி வந்த தேர்வாளர் கடுகடுவென்று இருந்தார். வேர் நுனியை வெட்டி, சாயமேற்றி, நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் விலகிப் போக வேண்டும். என்னுடையவை நடுவிலேயே குப்பையாகக் கிடந்தன. இன்னொரு வேர் எடுத்தேன். அதிலும் அதே குப்பை.

"புத்தகத்துல இருக்கிற படத்தைப் போட்டுட்டுப் போம்மா" என்று எங்கள் ஆசிரியர் காதோடு சொன்னார். மற்றவர்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கோ எரிச்சல் தலைக்கேறிவிட்டது. பாடுபட்டு வளர்த்த வெங்காயம்! பார்த்த குப்பையை அப்படியே வரைந்து நீட்டினேன்.

"இன்னாம்மா இது? ஏன் பிரியல?" என்றார் தேர்வாளர்.

பக்கத்து மேசையில் என் ஹாஸ்டல் தோழி திருதிருவென விழித்தாள். "என்னடி பண்ணித் தொலைச்ச?" என்றேன். பேனுக்குத் தடவ, செங்காந்தள் செடியின் கண்வலிக் கிழங்கை நறுக்கி என் பாட்டிலில்தான் ஊறப்போட்டாளாம்!

"வேற பாட்டில் இல்லடி. வெங்காயத்த எடுத்துட்டு, அப்புறம் அந்தத் தண்ணியிலயே மறுபடி வச்சிட்டேன். தண்ணிதானே, இன்னா ஆயிடும்?"

அங்கேயே அவள் சடையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். தேர்வாளர் குறுக்கே வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"குரோமோசோமை இழுக்க செல்லுக்குள்ள இழைங்க இருக்கும்மா. அந்த இழையைக் கட்டுற புரதத்தை இந்தக் கிழங்கோட விஷம் பிடிச்சிக்கும். இழையில்ல, இழுக்க ஆளில்ல. அதான் நடுவுலயே நிக்குது. நீ வரைஞ்சது சரி" என்றார். அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

தேறிவிட்டேன். புத்தகப் படம் போட்டவர்களும் தேறினார்கள் என்பதில் எனக்கு இன்றுவரை ஆற்றாமைதான். அந்தப் பேனாவது செத்ததா என்றால் இல்லை, என் தலைக்கும் வந்து சேர்ந்தது.

பிறகு நர்ஸாக எத்தனையோ வார்டுகளில் வேலை பார்த்தேன். "நார்மல்னு எழுதிடுங்க சிஸ்டர்" என்று யாராவது அவசரப்படுத்தும்போதெல்லாம் அந்தப் பிரியாத குப்பைதான் கண்முன் வரும், நான் நோயாளியை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன்.