ஆறு பீரங்கிகளும் ஒரு தச்சரும்

கண்ணாடி இல்லாமல் தன் மனைவியால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியாது என்பது தச்சருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அன்று காலை அவள் கைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டைச் சத்தமில்லாமல் எடுத்து, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் செருகிவிட்டுச் செருப்பை மாட்டினார். எழுபத்துநான்கு வயதில் செய்கிற வேலையா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் ஐம்பது வருஷமாகக் கட்டிக் காத்த மானம் ஓர் அறிவிப்புப் பலகையால் கப்பலேறப் போகிறது என்றால் ஆனானப்பட்டவனும் திருடத்தான் செய்வான்.

ஊரை ஒட்டிய கடலோர ராணுவ முகாமை மூடிப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. போன மாதம்தான் முள்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பாறை விளிம்போடு ஒரு நடைபாதை போட்டு, அங்கங்கே பெஞ்சும், முகாமின் கதை எழுதிய பலகையும் வைத்தார்கள். செய்தி வந்த அன்றிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு.

"முப்பத்தொரு வருஷம் நீங்க போய் வந்த இடம். ஒரு தடவை கண்ணால பாத்துடணுங்க."

வெயில் என்றார், முழங்கால் என்றார், இருமிக்கூடக் காட்டினார். ஒன்றும் எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் காரோடு வந்து நின்றுவிட்டாள்.

அவர் முகாமில் வேலைக்குச் சேர்ந்தது இருபத்துநான்காவது வயதில். அதுவரை ஒரு மரச்சாமான் கடையில் கட்டிலும் அலமாரியும் செய்துகொண்டிருந்தார். முதல் நாளே அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து கேட்டார். உள்ளே பார்ப்பது எதையும் வெளியே மூச்சுவிடக் கூடாது.

"பொண்டாட்டிகிட்டகூடவா சார்?"

"முக்கியமா அவங்ககிட்ட!"

கையெழுத்து போட்ட பிறகுதான் வேலை என்னவென்று சொன்னார்கள். மரத்தில் ஆறு பீரங்கிகள் செய்ய வேண்டும். ஆகாயத்திலிருந்து பார்க்கிறவன் அசல் என்று நம்ப வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் உயிரைக் கொடுத்துச் செய்தார். மெல்லிய பலகைகளை வளைத்துச் சேர்த்துக் குழாயாக்கி, வாய்க்குள் ஒரு முழம் ஆழத்துக்குக் கறுப்பு மை பூசினார். உப்புக்காற்றில் மாதம் ஒரு வெடிப்பு விழும். மக்கு வைத்து அடைத்து, தேய்த்து, மறுபடி வண்ணம் அடிக்க வேண்டும். வீட்டில் மட்டும் "பீரங்கி பாத்துக்கிற வேலை" என்றார். அதில் பொய் எங்கே இருக்கிறது? மீதியைத் தெரு பார்த்துக்கொண்டது. ஆறே மாதத்தில் அவர் 'பீரங்கி'யானார், அவள் 'பீரங்கி வீட்டம்மா' ஆனாள். தண்ணீர்க் குழாயடியில்கூட அவளுக்கு வழிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் சண்டை வந்தது. எதிரி விமானம் வரும் என்று ஊரே மூட்டை கட்டியது. அவளுடைய அக்கா பெட்டியோடு வந்து வாசலில் நின்று, "குழந்தையைத் தூக்கிட்டு கிளம்புடி" என்றாள். குழந்தைக்கு அப்போது ஏழு மாதம்.

"அங்க ஆறு பீரங்கி நிக்குது. எவன் வருவான்? நீ இரு," என்றார் தச்சர்.

அவள் இருந்தாள். பதினோரு நாளில் ஒரே ஒரு விமானம் உயரத்தில் வட்டமடித்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் அவள் அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. தச்சர் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்கு சொல்லி எழுந்து போய்விடுவார்.

இப்போது மூவரும் நடந்தார்கள். தூண் மட்டும் மிஞ்சிய முகாம் வாசலைத் தாண்டியதுமே தச்சருக்குப் பயம் பாதி மறந்துபோனது. கூரையில்லாத பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். இழைப்பு மேசையை இறுக்கிய நான்கு ஆணிகளும் தரையில் துருப்பிடித்து நின்றன. பக்கத்தில் கேன்டீன் ஜன்னல். பத்தரை மணிக்கு டீ மாஸ்டர் அதில் கரண்டியால் தட்டுவார். கூட வேலை பார்த்த பெயின்டர் தூரிகையைப் போட்டுவிட்டு ஓடுவான். பெயின்டர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். வார்னிஷ் நெடியும் டீயும் அவனுடைய வெட்டிப்பேச்சும் இன்னும் ஒரே ஒரு காலைக்குக் கிடைத்தால் போதும் என்று தச்சருக்கு ஏக்கமாக இருந்தது.

"இங்கதான் உக்காந்து சாப்பிடுவோம்," என்று மனைவிக்கு ஒரு படிக்கட்டைக் காட்டினார். அவள் அதில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள்.

பாறை முனையில், பீரங்கிகள் நின்ற ஆறு சிமெண்ட் வட்டங்கள். முன்னால் பலகை. அவள் கைப்பையைக் கிளறினாள்.

"கண்ணாடிய வெச்சேனே!"

"விடு, என்னத்தை எழுதியிருக்கப் போறான். கடலைப் பாரு."

படிக்கத் தெரிந்த மகளைப் பெற்று வளர்த்ததை மனிதர் மறந்தே போய்விட்டார்.

"இங்கிருந்த ஆறு பீரங்கிகளும் மரத்தால் செய்யப்பட்டவை," என்று மகள் உரக்கப் படித்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்பா! மரமா?"

மனைவி சிரிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பினாள்.

"மரத்தை நம்பியா என்னை இருன்னு சொன்னீங்க? கைக்குழந்தையோட?"

தச்சர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார்.

"மீதியைப் படி," என்றாள் மகளிடம், அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"எதிரி விமானங்கள் ஊரையும் துறைமுகத்தையும் விட்டுவிட்டு இங்கே குண்டு வீச வேண்டும் என்பதே நோக்கம். பீரங்கிகள் அசல் என்று நம்பவைக்க, ஊழியர்கள் பகல் முழுவதும் அவற்றின் அருகில் நடமாடும்படி..." மகளின் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"ஊழியர்னா?" என்றாள் மனைவி.

"நானும் பெயின்டரும்," என்றார் தச்சர். "ஊருக்குள்ள விழாதுன்னு எனக்குத் தெரியும். அதான் இருன்னேன்."

"அந்த விமானம் சுத்தினப்போ?"

"கையாட்டச் சொல்லியிருந்தாங்க. ஆட்டினோம்."

அவள் அந்தச் சிமெண்ட் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு கோணியது.

"அந்தப் பதினோரு நாளும் நான் நிம்மதியா தூங்கினேங்க. உங்களை இங்க நிக்க வெச்சுட்டு, மத்தியானம்கூடக் குழந்தையை அணைச்சுக்கிட்டுத் தூங்கினேன்."

"அதுக்குத்தானே சொல்லல."

அவள் ஓங்கி அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். அவர்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் அடி. வைத்த கையைக் காருக்குத் திரும்பி நடந்து சேரும் வரைக்கும் அவள் எடுக்கவில்லை.